இரண்டு தடவை அடித்த மணி

நல்டாங்காவில் மார்கழியை ஒட்டி வரும் பௌஷ மாதத்துப் பனியில், விடிவதற்கு முன் வெளியிலிருந்து யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்க மாட்டார்கள். நிசி என்று ஒன்று உண்டு. தெரிந்தவர் குரலில், சொந்தக்காரர் குரலில்கூட, அது வாசலில் நின்று அழைக்கும். பதில் கொடுத்தவர் அதன் பின்னாலேயே நடந்து போய் ஏதாவது குளத்தில் கிடப்பார். ஆனால் நிசிக்கு ஒரு குறை உண்டு. இரண்டு தடவைக்கு மேல் அதனால் அழைக்க முடியாது. அதனால் மூன்றாவது அழைப்பு வரட்டும் என்று காத்திருப்பது அந்த ஊரில் தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

தாபஸியின் கணவன் நிதாய் செத்துப்போனது இரண்டாவது அழைப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான்.

போன பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை, கேரியரின் இரு பக்கமும் ஈச்சவெல்லப் பாகுக் குடங்களைக் கட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். ரயில்வே கேட் அருகே வியாபாரியின் வண்டி நிற்கும்; வெயில் ஏறுமுன் போய்விடும். வழியில் வாய்க்கால் மதகு. அங்கே செயின் கழன்று சைக்கிள் சரிவில் உருண்டது. குடங்களின் கனம் அவனைத் தண்ணீரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டது. மதகை ஒட்டி இருப்பது ஒரே வீடு, ஊரே மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பிமலாவின் வீடு. நிதாய் அவளைக் கூப்பிட்டான். "பிமலா மாஷி!" என்று ஒரு தடவை. இன்னொரு தடவை. அவள் அடுப்படியில் விழித்துத்தான் இருந்தாள். கையில் பொரிச் சட்டியோடு மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தாள். மூன்றாவது குரல் வரவில்லை; அதற்குள் அவன் முகம் தண்ணீருக்குள் போயிருந்தது. வெளுத்த பிறகு எட்டிப் பார்த்தவளும் அவள்தான், தலையில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியவளும் அவள்தான்.

"ரெண்டு தடவைதாண்டி கூப்பிட்டான். மூணாவதுக்கு நின்னேன்டி நான்" என்று அன்று தாபஸியின் காலைப் பிடித்துக்கொண்டு அவளே சொன்னாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. தாபஸி காலை உருவிக்கொண்டாள். அன்றோடு அவளிடம் பேச்சை விட்டாள்.

அடுத்த பனிக்காலம் வந்தது. நிதாயின் தம்பி கௌர் ஈச்சமரம் ஏறிப் பதநீர் இறக்கினான். தாபஸி காய்ச்சினாள். வெல்லத்தைக் கேட்டுக்குக் கொண்டுபோக ஆளில்லை. கௌர் மரத்திலிருந்து இறங்கவே வெயில் வந்துவிடும். மாட்டுக்கொட்டகையில் சாய்ந்திருந்த சைக்கிளைத் தாபஸி வெளியே உருட்டிக்கொண்டு வந்தாள். அறுவடையான வயலில் கௌர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, விழுந்து விழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஓட்டுவதைவிட அதைப் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. செயின் கழன்றதால்தானே அவன் போனான்? நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம், இன்றைக்குத் தாங்கும் என்று முந்தின சாயங்காலம் அவன் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. கேட் அருகே சைக்கிள் கடை வைத்திருந்த கானாயிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அவன் கானாய்தா, கானாய் அண்ணன்; அவனுக்கு அவள் பௌதி, அண்ணி.

"கானாய்தா, செயினுக்குக் கடுகெண்ணெய் போட்டேன். ஒரே கறுப்பு மண்ணா அப்பிக்கிச்சு."

"மீன் வறுக்கவா போறீங்க, பௌதி? கடுகெண்ணெய் மண்ணைக் கூப்பிட்டு மடியில உக்காத்தி வெச்சுக்கும். மண்ணெண்ணெயில பழைய பல் பிரஷ்ஷை முக்கித் தேய்ங்க. காஞ்சதும் ஒரு மெழுகுவத்தித் துண்டை உருக்கி விடுங்க, போதும். ஆனா அந்த பிரஷ்ஷால அப்புறம் பல்லு வெளக்கிடாதீங்க."

அவன் கேலிக்காரன். ஆனால் கேலிக்கு நடுவே சொல்லிக்கொடுத்ததில் தவறு இருக்காது. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தால் காற்று கசிவது குமிழாகத் தெரியும். டயரில் கீறல் விட்டால் உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தால் இன்னும் ஒரு சீசன் ஓடும். பிரேக் கட்டை தேய்ந்தால் அறுந்த ரப்பர் செருப்பின் அடியை வெட்டி வைக்கலாம். வழியில் பஞ்சரானால், ஓட்டை இருக்கும் இடத்தில் டியூபை மடித்து ஒரு ரப்பர்த் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் வீடுவரை வந்துவிடலாம். செயினைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு விரல் தடிமனுக்கு மேல் தொய்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்க வேண்டும். இதை மட்டும் தாபஸி சாயங்காலம் ஒரு முறை, விடியலில் ஒரு முறை பார்த்தாள். துளசிக்கு விளக்கு வைத்த கையோடு அந்த விளக்கைக் கொண்டுவந்து செயின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிரார்த்தனை முடிந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தது, அந்த மணியைத் தவிர.

நிதாய் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழைய வழக்கம். வீட்டுப் படலருகே வந்ததும் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பான். ட்ரிங், ட்ரிங். அவள் வந்து படலைத் திறப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவளுடைய பேர்.

முதல் நாள் மதகின் மேல் ஏறியபோது அந்த மணி தானாக அடித்தது. இரண்டு தடவை. அவள் கை ஹேண்டில்பாரின் மறு நுனியில் இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"மதகுல பள்ளம் இருக்கு. மணிக்குள்ள ஸ்ப்ரிங் லூசு. குலுங்கினா அடிக்கும். இதுக்குப் போய்..." என்றான் கானாய்.

"ரயில்வே கேட்டுல இதைவிடக் குலுங்குதே, கானாய்தா. அங்க ஏன் அடிக்கல?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கேலி வரவில்லை. "பௌதி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஊர்ல பேசிக்கிறாங்க. நிதாய்தா உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் அங்கயே நிக்கிறாராம். அந்த வழியா இப்ப யாருமே வர்றதில்ல. நீங்களும் சுத்திப் போங்களேன்."

"சுத்திப் போனா வண்டி போயிடும்."

"அப்ப மணியையாவது கழட்டிப் போடுங்க."

அவளுக்குக் கழற்ற மனமில்லை. பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. கூப்பிடுகிறான், தன்னைத்தான் கூப்பிடுகிறான், ஆனால் திறக்க அங்கே படல் இல்லையே என்ற தவிப்பு. இருக்க இடமில்லாமல் பனியில் நிற்கிறானே, ஹரி அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லையா? ஏகாதசி விரதம் இருந்தாள். கீர்த்தனை நடந்த வீடுகளுக்குப் போய் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு அமைதி கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மறுநாள் மதகில் மணி இரண்டு தடவை அடிக்கும். அடித்து நிற்கும்.

அந்த இடத்தில் இன்னொன்றும் அவளை உறுத்தியது. பிமலா மாஷியின் வாசல் கதவு. எலும்பைக் கடிக்கிற குளிரிலும் அது திறந்தே கிடக்கும். உள்ளே அடுப்பு வெளிச்சம் தெரியும். 'வேடிக்கை பார்க்கத் திறந்து வைத்திருக்கிறாள்' என்று தாபஸி நினைத்துக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். மதகின் ஏற்றத்தில் பனி ஈரம் வழுக்காமலிருக்க யாரோ தினமும் சாம்பல் தூவி வைத்திருந்தார்கள். கௌரின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாளே தவிர, மரத்தின் மேலிருக்கும் கௌர் எப்போது வந்து தூவுவான் என்று யோசிக்கவில்லை. மனத்தில் கசப்பு இருந்தால் கண்ணுக்கு எதிரே இருப்பதும் தெரியாமல் போகிறது.

ஒரு நாள் செயின் கவர் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. தகரம் துருப்பிடித்து, திருகாணி போட்ட இடம் பெருத்துப்போயிருந்தது. தாபஸி அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டாள். செயின் இப்போது கண்ணுக்கு நேரே தெரிந்தது. பார்க்கவும் துடைக்கவும் அதுதான் வசதி என்று பட்டது.

கானாய் பார்த்ததும் கத்தினான். "என்ன பௌதி இது, துணி உடுத்தாத சைக்கிளா ஓட்டிட்டு வர்றீங்க? புடவை, சால்வை எது மாட்டினாலும் பல்சக்கரம் மென்னு தின்னுடும். செருப்புத் துண்டுல ரெண்டு வாஷர் வெட்டி வெச்சு முறுக்கினா ஆடவே ஆடாது. நாளைக்கே மாட்டுங்க."

"நாளைக்கு மாட்டிக்கறேன். புடவையைத்தான் தூக்கிச் செருகியிருக்கேனே."

அன்று சாயங்காலம் அவள் வாஷர் வெட்டவில்லை. பழைய டியூபிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டினாள். அதை மணியின் கிண்ணத்துக்கும் நெம்புகோலுக்கும் நடுவே கொடுத்து, சுற்றிச் சுற்றி இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டாள். விரலால் தள்ளிப் பார்த்தாள். மணி அசையவில்லை.

"போதும், போய்ச் சேருங்க. நான் இங்கயேதான் இருக்கேன்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் மதகைத் தாண்டும்போது மணி அடிக்கவில்லை. அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. கணவனின் வாயை அவளே கட்டிவிட்டது போலிருந்தது. வெல்லத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முடிச்சை அவிழ்த்துவிடலாமா என்று கை போயிற்று. அவிழ்க்கவில்லை.

அதற்கு மறுநாள் பனி அப்படி இறங்கியிருந்தது. முன்சக்கரம் தெரிந்தது, அதற்கு முன்னால் உலகம் இல்லை. தாபஸி நிதாயின் பழுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்தி, கழுத்தைச் சுற்றிப் பின்னால் முடிந்திருந்தாள். மதகின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள். முடிச்சு நழுவி, சால்வையின் ஒரு முனை காலடியில் தொங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

யாரோ சால்வையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தலை குனிந்தது, இன்னும் குனிந்தது. மிதித்த வேகத்தில் பல்சக்கரம் துணியைச் சுற்றிக்கொண்டே போனது. சைக்கிள் சாய்ந்தது. குடங்கள் மோதி உடைந்த சத்தம் கேட்டது. சரிவில் உருண்டு, நிதாய் கிடந்த அதே இடத்தில், சைக்கிள் மேலே கிடக்க அவள் கீழே கிடந்தாள். கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர். பாகு முதுகில் வெதுவெதுப்பாக வழிந்தது.

கூப்பிட வாய் திறந்தாள். காற்றுக்கூட வெளியே வரவில்லை. சால்வை கழுத்தை அவ்வளவு இறுக்கியிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூப்பிட முடிந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது? இருப்பது ஒரே வீடு. அந்தப் பேர் அவள் நாக்கில் ஒரு வருஷமாக வரவில்லை. 'அவள் வரமாட்டாள். இங்கே கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்' என்று நினைத்தாள். கூட்டிப் போக நிற்கிறார் என்று கானாய் சொன்னது ஞாபகம் வந்தது. 'சரி, வர்றேன்' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓடி வருகிற காலடி கேட்டது. வெறுங்கால்.

"ஐயோ ஹரி! தாபஸி! தாபஸி!" பிமலா மாஷி சரிவில் சறுக்கிக்கொண்டே வந்து விழுந்தாள். பனிக்கு ஒரு போர்வைகூட இல்லை மேலே. சைக்கிளைத் தூக்கப் பார்த்தாள். தூக்கத் தூக்கச் சால்வை இன்னும் இறுகியது. தாபஸியின் கால் உதைத்துக்கொண்டது.

"எதைடி இழுக்கணும்? எனக்கு இந்த எழவு ஒண்ணும் தெரியாதே!" பிமலா பெடலைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளினாள். சக்கரம் இன்னொரு பல் துணியைக் கடித்தது.

தாபஸியின் கண்ணில் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. கையை மட்டும் தூக்கி, பிமலாவின் முகத்துக்கு நேரே விரலால் ஒரு வட்டம் போட்டாள். பின்பக்கமாக. இன்னொரு வட்டம்.

"திருப்பியா? பின்னாடியா?"

பிமலா இரண்டு கையாலும் பெடலைப் பின்னுக்குச் சுற்றினாள். பல்சக்கரம் தின்ற துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டது. கறுத்துக் கிழிந்த முனை விடுபட்டதும் அவள் கழுத்துச் சுற்றைப் பிரித்தெறிந்தாள். தாபஸிக்கு மூச்சு வந்தது. பனியும் வெல்ல வாசனையும் கலந்த மூச்சு. பிமலா அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படி..." தாபஸிக்குக் குரல் உடைந்து வந்தது. "நான் கூப்பிடலையே."

"நீ எங்க கூப்பிட்ட? மணி அடிச்சியே. முதல் மணிக்கே எழுந்துட்டேன்டி. வாசல்ல காலை வெக்கும்போது ரெண்டாவது. மூணாவதுக்கு நிக்கல, தாயி. சத்தியமா நிக்கல." அவள் அழுதாள். "அன்னிலேர்ந்து நான் எதுக்குமே நிக்கிறதில்ல. விடியக்காத்தால நரி ஊளையிட்டாக்கூட வெளிய வந்து நிப்பேன். கதவைச் சாத்தவே இல்ல. நிசி என்னை எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும், யாரும் இன்னொரு தடவை கூப்பிடற மாதிரி வெக்கக்கூடாதுன்னு."

தாபஸி மெல்லத் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். மல்லாந்து கிடந்த ஹேண்டில்பாரில் மணி இருந்தது. டியூப் பட்டை அதன்மேல் அவள் சுற்றியபடியே சுற்றியிருந்தது. மூன்று முடிச்சும் அப்படியே. முடிச்சுகளின் மேல் பனித்துளி முத்து முத்தாக நின்றது. ஒன்றுகூட உதிர்ந்திருக்கவில்லை.

அவள் அதைப் பிமலாவிடம் காட்டவில்லை. பிமலாவின் குளிர்ந்த கைகளைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"மாஷி" என்றாள்.

பிமலாவின் அழுகை அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டது. அப்புறம் மறுபடியும் தொடங்கியது, ஆனால் வேறு மாதிரி.

வெயில் வந்ததும் ஊர் வந்து பார்த்தது. நிதாய் சால்வையைப் பிடித்து இழுத்தான் என்றார்கள் சிலர். கானாய் வளைந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே, "இழுத்தது செயின். கவரைக் கழட்டினது பௌதி. இதுல நிதாய்தாவை ஏன் இழுக்கறீங்க?" என்று திட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மணிக்கு எதுக்கு பௌதி கட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். அவள் முடிச்சுகளைக் கையால் மூடிக்கொண்டாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அறுந்த செருப்பிலிருந்து இரண்டு வாஷர் வெட்டினாள். கவரை மாட்டி முறுக்கினாள். ஆடவில்லை. துளசிக்கு விளக்கு வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் மணியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நெம்பிப் பார்த்தாள். நன்றாகவே அடித்தது.

கழுத்து வீக்கம் வடிந்ததும் மறுபடியும் கிளம்பினாள். மதகின் ஏற்றத்தில் சாம்பல் தூவியிருந்தது. யார் தூவியது என்று இப்போது தெரியும். மேலே ஏறி அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. சைக்கிள் எப்போதும் போலக் குலுங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மணி அடிக்கவில்லை.

பனிக்குள் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கால் தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டி, திறந்திருந்த வாசலுக்கு முன்னால் நிறுத்தினாள். முந்தின நாள் அச்சில் வார்த்த முதல் வெல்லத்தை ஒரு சேப்பங்கிழங்கு இலையில் சுற்றி எடுத்து வைத்திருந்தாள். மணியில் விரல் வைத்து ஒரு தடவை அடித்தாள்.

"வர்றேன்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பனிக்காலம் முடியும்வரை அப்படித்தான் நடந்தது. ஒரு மணிக்கு மேல் அவள் அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மதகின் மேல் ஏறும்போது மட்டும் பெடலை நிறுத்தி, சைக்கிளைத் தானாக உருளவிட்டு, இன்றைக்கும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிறாள்.